கீழ் லயத்தில் அடித்த பச்சை

போன வாரம் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். படம் வரையும் மென்பொருளைப் போட்டுவிட்டு அதில் பிரஷ் இருக்கும் பெட்டியைத் திறந்தால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. மழைக்கு ஒரு பிரஷ், மழை விட்ட பிறகு இலையில் சொட்டும் தண்ணீருக்கு ஒரு பிரஷ், பூனை முடிக்கு ஒன்று, நாய் முடிக்கு வேறொன்று. உருட்டிக்கொண்டே போனேன், அடி தட்டவே இல்லை. கேட்காமலே இவ்வளவு தருகிறார்களே என்று சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு எனக்குக் கோபம் வந்தது. ஒரேயொரு இலை பிரஷுக்காக நான் பட்ட பாடு இவர்களுக்குத் தெரியுமா?

அந்த நேரம் பார்த்துப் பின்னறையில் யாருடையதோ கல்யாண பேனர் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மை மணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண்ணெண்ணெயும் புது ரப்பர் செருப்பும் கலந்த மாதிரி இருக்கும், பலருக்குத் தலையை வலிக்கும். எனக்கு அது முதல் வேலையின் மணம். சரியாகச் சொன்னால், கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருந்த நாட்களின் மணம்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருந்தேன். அம்மா தினமும் மலையிலிருந்து வந்து கூடையை இறக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "சும்மாதானே இருக்க, பேரு பதிஞ்சிரு." பேர் பதிவது என்றால் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஆளாகப் பெயரைக் கொடுப்பது. கொடுப்பது சுலபம், திரும்ப எடுப்பதுதான் நடக்காத காரியம். அம்மாவைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கு முழங்கால் வலி, வீட்டில் இன்னொரு கை தேவைப்பட்டது. எனக்கோ மலை என்றாலே பயம். தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்து அட்டைக்குப் பயந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் ஹட்டன் பஜாரில் பேனர் அடிக்கிற கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். கம்ப்யூட்டரில் படம் வரையத் தெரியுமா என்று முதலாளி கேட்டார். தெரியும் என்றேன். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் போட்டு அதற்குக் கண் மூக்கு வைத்திருக்கிறேன், அதை நம்பித்தான் சொன்னேன். முதலாளி எதையும் பாதியில் நிறுத்திவிடுகிற மனிதர். மீதியை நாமே யோசித்துப் பயந்துகொள்ள வேண்டும்.

"கினிகத்தேனைல இருந்து ஒரு ஓடர் வந்திருக்கு புள்ள. மக வயசுக்கு வந்த சடங்கு பேனர். அருவி, மரம், பனி எல்லாம் வேணுமாம். நெட்டுல கெடக்குற படம் வேணாமாம், யார் வீட்டுலயும் இல்லாத மாதிரி புதுசா வரையணுமாம். வர்ற ஞாயித்துக்கெழம சடங்கு. நீ வரஞ்சு காட்டு. சரியா வந்துச்சுன்னா நீ நம்ம கடை ஆளு. வரலன்னா..."

வரவில்லை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அடுத்த திங்கட்கிழமை காலை அம்மாவோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும்.

கடையில் இருந்தது புதிதாகப் பழகுகிறவர்களுக்கான ஓர் இலவச மென்பொருள். பிரஷ் என்று நாலைந்துதான் இருந்தன. பென்சில் மாதிரி ஒன்று, பேனா மாதிரி ஒன்று, ஒரு குண்டு பிரஷ், பிறகு புகை விடுகிற மாதிரி ஒன்று. எனக்கு அதுவரை தெரிந்த பிரஷ் இரண்டுதான். ஒன்று பல் விளக்குவது. இன்னொன்று தீபாவளிக்கு அப்பா சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, அதுவும் தேங்காய் மட்டையைத் தட்டிச் செய்தது. பாட்டு டீச்சர் மட்டும் ஒருமுறை மேடையில் தூரிகை என்றார், யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்துக் கை தட்டினேன்.

குண்டு பிரஷை வைத்து இலை இலையாக ஒரு மரம் வரைந்தேன். காலையில் தொடங்கியது மத்தியானம்தான் முடிந்தது. பார்த்தால் பெரிய கறிவேப்பிலைக் கொத்து மாதிரி இருந்தது. இந்த வேகத்தில் போனால் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே வந்துவிடும் என்று பயந்து யோகேஸ்வரிக்குப் போன் எடுத்தேன். யோகா எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் வளர்ந்தவள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள், ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா. அந்த லயத்திலிருந்து கிளம்பிப்போய்க் கொழும்பில் டிசைன் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"இலை இலையாவா வரையிற? பைத்தியமாடி ஒனக்கு? வேற பிரஷ் எறக்கிக்க. நெட்டுல சும்மா கெடைக்கும்."

சும்மா கிடைக்கும் என்ற வார்த்தையை நம்பி நான் போனுக்குப் போட்ட டேட்டா ரீலோட் கொஞ்சநஞ்சமில்லை. பிரஷ் என்று தேடினேன், பற்பசை விளம்பரம் வந்தது. இலை பிரஷ் என்று தேடினேன், தோட்டம் கூட்டுகிற துடைப்பம் வந்தது. நமக்குத் தேவை தேயிலைச் செடிதானே என்று புத்திசாலித்தனமாக 'டீ பிரஷ்' என்று அடித்தேன். மூங்கிலைக் கீறிச் செய்த ஒரு சாமான் வந்தது. அதைக் கோப்பைக்குள் விட்டுத் தேநீரைக் கலக்குவார்களாம். எங்கள் தேயிலையை எங்கேயோ இப்படியும் குடிக்கிறார்களா என்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், டேட்டா அதிலும் போனது.

ஒருவழியாக ஒரு கட்டு பிரஷ் இறக்கினேன். வெள்ளைக் காகிதம் மாதிரி ஒரு படம் வந்து உட்கார்ந்துகொண்டு திறக்கமாட்டேன் என்றது. அது வேறு மென்பொருளுக்கானதாம். இன்னொன்றை இறக்கினேன். எல்லாம் சரியாகப் போட்டாயிற்று என்று ஆங்கிலத்தில் சொன்னது, ஆனால் எங்கே போட்டது என்று சொல்லவில்லை. கிடைத்த கதவையெல்லாம் திறந்து பார்த்தேன், ஓர் இலையும் இல்லை. மூன்றாவதை இறக்கினேன், அதுவும் உள்ளே போய் மாயமாகிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் எங்கேயோ ஒரு காடே முளைத்துக் கிடக்கிறது, எனக்குத்தான் வழி தெரியவில்லை. அழுகை வந்தது. முதலாளி பார்த்தபோது மை மணம் கண்ணை எரிக்கிறது என்று சொன்னேன்.

யோகாவுக்கு வேலை நேரத்தில் பேச முடியாது, அதனால் குரலைப் பதிந்து அனுப்புவாள். நான் அதைப் பின்னால் மெஷின் 'கடகட'வென்று ஓடும்போது காதில் ஒட்டவைத்துக் கேட்பேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள், நான் செய்தது குற்றமா?

"மொதல்ல புது லயர் ஒன்னு போடு. மேல் லயர்ல கை வைக்காத. பச்சை எல்லாம் கீழ் லயர்ல அடி."

எங்கள் தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு உண்டு. லயத்தை லயன் என்றும் சொல்வோம். எனக்குக் காதில் விழுந்தது புது லயன் ஒன்று போடு, பச்சையை எல்லாம் கீழ் லயனில் அடி என்பதுதான். சடங்கு பேனரில் எதற்கடி லயம் என்று கேட்கத் தோன்றியது. ஆனால் அவள் கொழும்பில் இருக்கிறாள், நாலும் தெரிந்தவள், இப்போது இதுதான் நாகரிகமோ என்னவோ என்று அருவிக்கு அடியில் ஒரு லயத்தை வரைந்தேன். ஆறு காம்பரா, ஆறு கதவு, தகரக் கூரை, முன்னால் நீளமாக இஸ்தோப்பு என்கிற வராந்தா. சுவருக்கெல்லாம் பச்சை அடித்தேன். கதவுகளுக்கு நீலம் அடித்தேன், அது மட்டும் என் சொந்த யோசனை.

அடுத்த நாள் இன்னொரு குரல் வந்தது. "லயர் எல்லாம் தனித்தனியா இருக்கணும், ஒன்னோட ஒன்னு ஒட்டக்கூடாது. அப்பதான் வேணும்கிற நேரம் ஒன்ன மட்டும் அழிக்க ஏலும்." கொழும்புக்குப் போனதும் இவள் அரசியல் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தனித்தனி வீடு வேண்டும் என்று எங்கள் ஆட்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள். நியாயமான பேச்சு, ஆனால் நான் கேட்டது இலை பிரஷ். "சரிதான்டி" என்று பதில் போட்டுவிட்டு மறுபடி அருவிக்குப் போனேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த லயம் மட்டும் நன்றாக வந்திருந்தது. அருவி வெள்ளைத் துணி மாதிரி தொங்கியது, மரம் கறிவேப்பிலையாகவே இருந்தது. லயத்துக்கு மட்டும் இலை பிரஷ் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடிய ஒரே விஷயம் எனக்கு அதுதான்.

வெள்ளிக்கிழமை படத்தைப் பார்க்க வந்தார்கள். கினிகத்தேனையில் சாமான் கடை வைத்திருக்கும் ஐயாவும் அவர் மனைவி புஷ்பா அக்காவும். ஐயா பளிச்சென்ற வெள்ளைச் சட்டை. நாற்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே திரைக்குக் குனிந்தார்.

"அருவி சரி. இது என்னாது, கீழ?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பயத்தில், "கீழ் லயங்க" என்றேன்.

"லயம்னு தெரியுது. எம் மக சடங்குல அதுக்கு என்னா வேலை?" அவர் கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "லயத்த விட்டு வந்து கடை போட்டு, வீட்டக் கட்டி, இப்பதான் நாலு பேரு மதிக்கிறான். வர்றவன் எல்லாம் பின்னாடி லயத்தப் பாத்துக்கிட்டே சாப்புடணுமா? அழிச்சிருங்க. நாளைக்கு வந்து பாக்குறேன்."

புஷ்பா அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி, "கேட்டுச்சுல்ல புள்ள? நாளைக்கு சரியா இல்லன்னா..." என்று வழக்கம்போல் நிறுத்திக்கொண்டார்.

அழிக்கிற ரப்பரை எடுத்து ஒரு கதவில் தேய்த்தேன். கதவோடு சேர்ந்து பின்னால் இருந்த மலையும் போய் வெள்ளையாக ஓர் ஓட்டை விழுந்தது. இன்னொரு பக்கம் தேய்த்தேன், அருவியின் அடிப்பாகம் போனது. யோகாவுக்குப் போன் எடுத்தேன். நல்லவேளை, எடுத்தாள்.

"லயத்த அழிக்கச் சொல்றாங்கடி. அழிச்சா அருவியும் போகுது."

"எந்த லயர்ல வரஞ்ச?"

"கீழ் லயன்லதான். நீதானே சொன்ன?"

"அப்ப அந்த லயர மட்டும் அழி. மொத்தம் எத்தனை லயர் போட்டிருக்க?"

"ஒன்னுதான். ஆறு காம்பரா."

 சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. அப்படி ஒரு சிரிப்பை அவள் லயத்தில் இருந்த காலத்தில்கூட நான் கேட்டதில்லை. சிரித்து முடித்துத்தான் சொன்னாள், லயர் என்றால் கண்ணாடித் தாள் மாதிரியாம், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றை வரைய வேண்டுமாம். அருவி ஒரு தாளில், மரம் ஒரு தாளில். நான் எல்லாவற்றையும் ஒரே தாளில் அப்பி வைத்திருக்கிறேன். லயத்தைத் தனியாக எடுக்க வழியே இல்லை.

"அப்ப மேல செடிய வச்சு மறை. அந்த எறக்குன பிரஷ் எல்லாம் எங்க?"

"காணோம்டி."

"பிரஷ் பெட்டிக்கு மேல சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கும் பாரு, அத தொடு."

தொட்டேன். அவ்வளவும் அங்கே இருந்தது. நான் இறக்கிய மூன்று கட்டும், நான் காணாமல் தேடிய காடும், ஓர் அம்புக்குறிக்குப் பின்னால் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தன. ஒரு தரம் தொட்டால் ஒரு முழுச் செடி முளைத்தது. கிட்டத்தட்டத் தேயிலைச் செடி மாதிரியே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் எதை வரைய இந்தப் பிரஷைத் தேடினேனோ அதற்குக் கிடைக்காமல், நான் ஒழுங்காக வரைந்த ஒன்றே ஒன்றை மறைக்கத்தான் அது வந்திருக்கிறது.

மறுநாள் காலை ரப்பர் போட்ட ஓட்டைகளையும் சேர்த்து மூடிச் செடி வைத்துக்கொண்டிருந்தேன். முதல் கதவு போயிற்று, இரண்டாவது போயிற்று. புஷ்பா அக்கா தனியாக உள்ளே வந்தார். ஐயா பக்கத்துக் கடையில் பூமாலைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றார். திரைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, அந்த மூணாவது கதவ மட்டும் விட்டுருங்க."

"ஐயா ஏசுவாருக்கா. எனக்கு வேலையே போயிரும்."

"நான் பொறந்தது பூண்டுலோயா பக்கம். எங்களுதும் மூணாவது காம்பராதான். இது எங்க லயம் இல்லன்னு தெரியும். ஆனா எல்லா லயமும் ஒன்னுதானே. எங்கம்மா இருந்திருந்தா எம் மக சடங்குக்கு வந்து முன்னால நின்னிருப்பாங்க. ஒரு கதவு நிக்கட்டுமே."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் என்ன செய்வேன் சொல்லுங்கள். கதவை விட்டால் ஐயா பார்ப்பார், முதலாளி அந்தப் பாதி வாக்கியத்தை முடிப்பார், திங்கட்கிழமை நான் மலையில் நிற்பேன். விடாவிட்டால் இந்த அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? நாலு, ஐந்து, ஆறு என்று மற்றக் கதவுகளை மூடினேன். கூரைக்கு மேல் ஒரு மரத்தை வைத்தேன். மூன்றாவது கதவுக்கு வந்து செடியை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன், எடுத்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் நெருக்கமாகச் செடி வைத்து நடுவில் கதவை விட்டுவிட்டேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். எது சரி என்று தெரியாமல் கை நின்றுபோன இடம் அது.

ஐயா வந்து தூரத்தில் நின்று பார்த்தார். "ம், இப்ப சரி" என்றார். பேனர் மெஷினுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அதைக் கட்ட முதலாளி என்னையும் கூட்டிப்போனார். பேனர் பெரிதாக எழுந்து நின்றது. கடையில் விரல் நகமளவு இருந்த கதவு அங்கே கையளவு இருந்தது. அந்தப் பிள்ளை வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், கதவு அவள் தோளுக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரிந்தது. புஷ்பா அக்கா ஆரத்தித் தட்டோடு வந்து சரியாக அந்தப் பக்கம் நின்றுகொண்டார், போட்டோக்காரர் எவ்வளவு சொல்லியும் நகரவில்லை. ஐயா மேடைக்குக் கீழே நின்று பேனரை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நல்லா மறைச்சிருக்கீங்க" என்றார்.

பாராட்டினாரா, பிடித்துவிட்டாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. முதலாளியிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் திங்கட்கிழமை முதலாளி என்னைப் பார்த்து, "கடையத் தொறக்குறது எட்டு மணிக்கு" என்று முழு வாக்கியமாகப் பேசினார். அம்மா பேர் பதியச் சொல்வதை நிறுத்திவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் நிம்மதியும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்று நினைக்கிறேன்.

புஷ்பா அக்கா அதன் பிறகு பிறந்தநாள் கார்டுக்கும் வேறு சின்னச் சின்ன வேலைக்கும் கடைக்கு வந்துபோவார். சடங்கு பேனரைத் தன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அண்ணன் இன்னமும் அவர்கள் பிறந்த லயத்தில்தான் இருந்தார், கூரை ஒழுகுகிறது என்று பேனரை மேலே விரித்துக் கல் வைத்துவிட்டாராம். பூண்டுலோயா பஸ்ஸில் போகும்போது ஒருமுறை மேல் ரோட்டிலிருந்து பார்த்தேன். வெயிலில் பச்சை எல்லாம் போய் நீலமாகிக் கிடந்தது என் அருவி. நான் வரைந்ததிலேயே உருப்படியாக யாருக்காவது பயன்பட்டது அதுதான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

போன மழைக்கு அந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மலை சரிந்து இறங்கிவிட்டது. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்துவிட்டதால் உயிருக்கு ஒன்றுமில்லை. லயம் முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து, அண்ணன் குடும்பம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சமயம், புஷ்பா அக்கா கடைக்கு வந்தார். இப்போது கடை என்னுடையது, ஆனால் அவர் உட்கார்ந்தது பழைய இடத்தில்தான்.

"அந்த சடங்கு படம் இன்னும் வச்சிருக்கீங்களா தங்கச்சி?"

தேடி எடுத்துத் திறந்து காட்டினேன். அக்கா விரலை நீட்டிச் செடிகளைக் காட்டினார்.

"இந்தச் செடி எல்லாம் நீங்க பெறகு வச்சதுதானே? அத எடுத்துட்டு லயத்த மட்டும் அடிச்சுத் தாங்க. அண்ணன் கேக்குறாரு. எங்ககிட்ட ஒரு படமும் இல்ல. கோயிலுக்கு முன்னால நின்னு எடுத்தோம், கல்யாணத்துல எடுத்தோம், லயத்த யாரு தங்கச்சி போட்டோ எடுத்தா?"

இப்போது எனக்கு லயர் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

"ஒரே தாள்ல வரஞ்சதுக்கா அது. செடிய எடுத்தா அடியில ஒன்னும் இருக்காது."

"இங்கதானே இருந்துச்சு? நான் பாத்தேனே, ஆறு காம்பரா."

"இருந்துச்சுக்கா. மேல வரஞ்சதும் போயிருச்சு. நான் புதுசா ஒன்னு வரஞ்சு தர்றேன்."

"புதுசு வேணாம்" என்றார். "இருந்தது இருந்தா குடுங்க."

இருந்தது அந்தக் கதவு மட்டும்தான். அதை வெட்டியெடுத்துப் பெரிதாக்கினேன், ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. அப்படியே ஒரு தாளில் அடித்துக் கொடுத்தேன். ஒரு நீலக் கதவு, சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அக்கா அதைக் கையில் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பூட்டு வரையல நீங்க" என்றார்.

"தெரியாமதான்கா."

"சரிதான். எங்க லயத்துல பகல்ல யாரும் பூட்டுனதே இல்ல."